கதை ஆடிய கரை: புத்தளக் கடலோரக் கூத்து மரபும் காட்சி நாவலும்

தமிழிலே 'ஆடுதல்' என்னும் வினைக்குள்ள பரப்பு வியப்புக்குரியது. கூத்தும் ஆடப்படுவது, சூதும் ஆடப்படுவது, பந்தும் ஊஞ்சலும் புனலும் ஆடப்படுவனவே. தெய்வமேறியவன் ஆடுகின்றான் என்பதும் வழக்கு. நாடகமும் விளையாட்டும் ஒரே வினைச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் மொழியில், விளையாட்டொன்று கதை சொல்ல வல்லதா என்ற வினா எழுவதே சிறிது விசித்திரமானது. ஆயினும் அவ்வினா இன்று எழுந்துள்ளது. கைத்தொலைபேசியிலும் கணினியிலும் இளைஞர் ஆடும் கதை விளையாட்டுகள், அவற்றுள்ளும் காதலைப் பொருளாகக் கொண்ட 'விஷுவல் நாவல்' எனப்படும் காட்சி நாவல்கள், இலக்கியமாகக் கொள்ளத்தக்கனவா, வெறும் பொழுதுபோக்கா, அதனினும் கீழானவையா என்பது பற்றி ஆசிரியரும் மாணவரும் இரு கட்சியாக நிற்கக் காண்கின்றோம். இவ்வினாவைத் தோக்கியோவில் வைத்து ஆராய்வதிலும், கதையை ஆடிப் பழகிய ஒரு தமிழ்க் கரையில் வைத்து ஆராய்வது பயன் மிகுந்ததாகும். கற்பிட்டி முதல் சிலாபத்துக்குத் தெற்கே மகா ஓயா வரை நீளும் புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை அத்தகையது.

இக்கரை கதைகள் வந்திறங்கிய கரை. 1344இல் இபுனு பதூதா 'பத்தாலா' என்னுமிடத்திலே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதாக எழுதியுள்ளார்; அவ்விடம் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. அராபிய வணிகர், தென்பாண்டிக் கரையோரப் பரதவர், கரையார், முக்குவர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என வந்தோர் யாவரும் சரக்கோடு கதையும் கொணர்ந்தனர். தமிழ்ப் புலவர் சரிதங்களைத் திரட்டி 1859இல் 'தமிழ் புளூராக்' என ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியிலே பிறந்தவர். கத்தோலிக்கரான அவர், உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை விளக்கி றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையிலே கட்டுரை எழுதினார் என்ற செய்தி இக்கரையின் இயல்பை நன்கு காட்டும். ஒருவர் கதையை மற்றவர் கேட்டறிந்த கரை அது.

முதலில் உடப்பை நோக்குவோம். முந்தல் கடனீரேரிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த இத்தமிழ் மீனவக் கிராமத்தின் மக்கள், தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தோர் என்பர். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களால் அறியப்பட்ட இவ்வூர், திரௌபதையம்மன் கோயிலின் ஆடி விழாவினாலும் புகழ்பெற்றது. பாரதப் போர் பதினெட்டு நாள். விழாவும் பதினெட்டு நாள். திரௌபதை வழிபாடு நிலவும் ஊர்களில் பாரதக் கதை படிக்கப்படுவதோடு, சுயம்வரம், வனவாசம், அருச்சுனன் தவம் போன்ற கட்டங்கள் சடங்காகவும் நிகழ்த்தப்படும். இறுதியிலே தீமிதிப்பு. அதாவது, கேட்டவரே கதையினுள் இறங்குகின்றனர். பதினேழு நாளும் செவியால் தொடர்ந்த கதையைப் பதினெட்டாம் நாள் கால்கள் தொடர்கின்றன. பார்வையாளனைப் பாத்திரமாக்குவதே கதை விளையாட்டின் தனிச்சிறப்பு என இன்றைய திறனாய்வாளர் எழுதும்போது, அதனைப் புதுமையென்று கொள்வதற்கு உடப்பார் ஆயத்தமாக இருக்கமாட்டார்.

மேலும் ஒன்று. அப்பதினெட்டு நாட் கதையின் அச்சாணியாக இருப்பதே ஓர் ஆட்டம். சூதாட்ட மண்டபத்தில் தருமன் ஒருமுறை தோற்றான். திரௌபதையின் வினாவினாலும் திருதராட்டிரன் அளித்த வரத்தினாலும் இழந்தவை மீண்டன. இரண்டாம் முறை அழைப்பு வந்தபோது அவன் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. 'தன்னைத் தோற்ற பின் என்னைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை ஏது?' என்ற கருத்தமைய அவள் கேட்ட வினாவுக்கு அவையிலே விடை கூற வல்லவர் இருக்கவுமில்லை. ஒரு தெரிவு, ஒரு வினா, விடையின்மை, அதன் விளைவு ஆகிய இவை நான்கும் கதை விளையாட்டின் உறுப்புகளே. ஆண்டுதோறும் இவ்விழா மீள வருகின்றது, ஆண்டுதோறும் தருமன் மீண்டும் ஆடுகின்றான், ஆண்டுதோறும் தோற்கின்றான். முடிவை மாற்றும் உரிமை எவர்க்கும் தரப்படுவதில்லை. எனினும் கேட்போர் ஒவ்வொரு முறையும் 'வேண்டாம்' என்று உள்ளத்துள் சொல்லாமலிருப்பதில்லை. இதனை நினைவிற் கொள்ளுதல் பின்னர் உதவும்.

இக்கரையின் இன்னொரு பெரும் பகுதியினர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். தமிழ் முஸ்லிம் இலக்கியத்திலே கிஸ்ஸா, நாமா, படைப்போர், முனாஜாத்து, மசலா முதலிய வடிவங்கள் தனியே வளர்ந்தன. அவற்றுள் மசலா என்பது வினா விடையாலேயே கதை நடத்துவது. இன்று கிடைக்கும் முஸ்லிம் தமிழ்ப் பெருநூல்களுள் மிகப் பழையதெனக் கொள்ளப்படும் 'ஆயிர மசலா' 1572இல் வண்ணப்பரிமளப் புலவரால் அரங்கேற்றப்பட்டது. நபிகளாரிடம் அப்துல்லா இபுனு சலாம் தொடுத்த வினாக்கள் அதன் பொருள். 'வெள்ளாட்டி மசலா' ஆயிரத்தொரு இரவுகளில் வரும் தவத்துத் என்னும் அடிமைப் பெண்ணின் கதையை ஒத்தது. அவைப் புலவர் யாவரையும் அறிவால் வெல்லும் பெண் அவள். எனினும் நம் பொருளுக்கு மிக அண்மையில் நிற்பது 'நூறு மசலா'வாகும். சீன தேசத்து இளவரசி மெஹர்பானு, தன்னை மணக்க விரும்பி வருவோரிடம் நூறு வினாக்களைத் தொடுக்கின்றாள். விடை தவறியோர் உயிரிழக்கின்றனர். அப்பாசு என்பான் எல்லாவற்றுக்கும் விடை பகர்ந்து அவளை மணக்கின்றான்.

காதற் காட்சி நாவலொன்றை ஆடியறிந்த மாணவர் எவரும் இவ்விடத்தில் நகைப்பர். ஏனெனில் அவர்கள் ஆடுவதும் இதுவே. திரையிலே அசையாத ஒரு பின்புலச் சித்திரம்; அதன் முன் ஒரு பாத்திரத்தின் உருவம்; அடியிலே எழுத்துப் பெட்டி; பின்னணியில் இசை. உரையாடல் நகர்ந்து சென்று ஓரிடத்தில் நின்று இரண்டு அல்லது மூன்று விடைகளை ஆடுபவர்முன் வைக்கும். எதனைத் தேர்கின்றோமோ அதற்கேற்பக் கதை கிளைக்கும். ஒரு பாத்திரத்தின் அன்பைப் பெறும் வழிக்கு 'ரூட்' என்பது ஆடுவோர் வழக்கு. தவறான விடை துன்ப முடிவைத் தரும். மெஹர்பானுவின் வாள் இங்கே தலையைக் கொய்வதில்லை, ஆட்டத்தை முடித்துவைக்கின்றது. வேறுபாடு ஒன்று உளது. மசலாவைக் கேட்பவர்க்கு அப்பாசு வெல்வான் என்பது முன்னரே தெரியும். அவர் அறிய விரும்புவது விடையை. விடைகளோ மார்க்க அறிவும் உலகறிவும் ஆனவை. கதையின் சுவையைக் காட்டி அறிவைப் புகட்டுதல் புலவனின் நோக்கு. காட்சி நாவலிலோ வினாக்கள் பெண்ணின் மனத்தைப் பற்றியவை: இன்று இவள் ஏன் பேசாதிருக்கின்றாள், பள்ளி முடிந்தபின் நூலகத்துக்குச் செல்வதா, அவளோடு நடப்பதா என்பன போன்றவை.

இவ்வடிவத்தின் பிறப்பிடம் யப்பான். 1983இல் யூஜி ஹொரி ஆக்கிய 'போர்ட்டோப்பியா' என்னும் துப்பறியும் கதை விளையாட்டு இதன் முன்னோடிகளுள் ஒன்று. அமெரிக்காவில் அதற்கு முன்னரே, 1976இல், வில் குரோதர் எழுத்தால் மட்டும் அமைந்த குகைப் பயண விளையாட்டொன்றை இயற்றியிருந்தார். 1994இல் கொனாமி நிறுவனத்தின் 'தொக்கிமெக்கி மெமோரியல்' பாடசாலைக் காதலை எண்களால் அளக்கும் முறையைப் பரப்பியது. அதே 1994இல் கோயெய் நிறுவனத்தின் 'றூபி பார்ட்டி' என்னும் பெண்கள் குழு, பெண்கள் ஆடுவதற்கென 'அஞ்செலிக்' என்ற காதல் விளையாட்டை வெளியிட்டமை வரலாற்றிலே குறிக்கத்தக்கது. 'விஷுவல் நாவல்' என்னும் பெயர் 1996இல் லீஃப் நிறுவனத்தின் 'ஷிசுக்கு' வாயிலாக வழக்குக்கு வந்தது.

இவற்றுள் பெரும்பாலானவை தரத்தால் தாழ்ந்தவை என்பதை மறைத்தல் வேண்டாம். பரிசுப் பொருளைக் கொடுத்தால் அன்பு ஐந்து புள்ளி ஏறும் என்ற கணக்கு, காதலைக் கடன் வட்டியாக்குகின்றது. பெண் பாத்திரம் வெல்லப்படவேண்டிய பரிசாக மட்டும் நிற்கின்றாள். சில, காமத்தை விற்பதற்குக் கதையைப் போர்வையாகக் கொள்கின்றன. ஆனால் இக்குற்றச்சாட்டை யப்பானியர்மேல் மட்டும் சுமத்தும் தகுதி நமக்குண்டா? பெரிய எழுத்துப் புத்தகமாக ஊரூராய் விற்ற 'அல்லி அரசாணி மாலை'யில், ஆடவரை வெறுத்து மதுரையை ஆண்ட அல்லியை அருச்சுனன் எவ்வாறு அடைகின்றான்? பாம்புருக் கொண்டு பள்ளியறை புகுந்து, உறங்குபவள் கழுத்திலே தாலி கட்டி. அல்லியிடம் ஒரு வினாவேனும் கேட்கப்படவில்லை. அவ்வகையில் நூறு வினா கேட்ட மெஹர்பானு எவ்வளவோ மேல்.

கற்றோரின் வெறுப்பும் புதியதன்று. 'கூத்தாடி' என்னும் சொல்லையே வசையாக்கிய சமூகம் நம்முடையது. நாவல் என்னும் வடிவம் வந்தபோதும் அது காதலையும் சாகசத்தையும் தூக்கிக்கொண்டே வந்தது; ஈழத்துத் தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' (1885) கெய்ரோவிலிருந்து பம்பாய் வரை ஓடும் வீரக் காதற்கதையே. நாவல் படித்துப் பெண்கள் கெடுவர் என்று அஞ்சிய தலைமுறையின் பேரர்கள் இன்று நாவலைப் பாடத்திட்டத்திற் கற்பிக்கின்றனர்.

இனிக் கரையின் தென்பகுதிக்கு வருவோம். கட்டுரையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையான கரையோரக் கத்தோலிக்க மீனவர் ஒருகாலத்தில் பெரும்பாலும் தமிழ் பேசியோர். போர்த்துக்கேயர் காலத்திலே மதம் மாறிய இம்மக்களிடையே, திருச்சபையின் அரவணைப்பில் புனிதர் சரிதங்களும் ஐரோப்பிய வீரக் கதைகளும் தமிழ்க் கூத்தின் உருவை எடுத்தன. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இம்மரபு 'மூவிராசாக்கள்', 'எண்டிறீக்கு எம்பரதோர்', 'ஞானசவுந்தரி' முதலாய நாடகங்களைத் தந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இவற்றுட் சிலவற்றைக் கலைக்கழக வாயிலாகப் பதிப்பித்திராவிட்டால் அண்ணாவிமாரின் கொப்பிகளோடே அவை கறையானுக்கு இரையாகியிருக்கும். சிலாபக் கரையில் நிகழ்ந்தது வேறு. அங்கே கூத்து மொழி மாறியது. 'ராஜ துன்கட்டுவ' என்னும் மூவிராசாக்கள் கதை சிங்கள நாடகமாயிற்று; அது சிலாபத்துக் கபிரியேல் பெர்னாந்துவின் ஆக்கம் என்பது மரபுச் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொழும்புப் பகுதியில் பிலிப்பு சிஞ்ஞோ பல 'நாடகம'க்களை இயற்றினார். தமிழ்க் கூத்தின் இசையும் மத்தளமும் கட்டியக்காரனும் விருத்தமும் சிங்களச் சொற்களைத் தாங்கி நின்றன. இவ்வாறு இக்கரை, தான் ஆடிய கதையை அயல்மொழிக்குக் கொடுத்தது.

அக்கொடையின் பயனை உலகறிந்தது 1956இல். அவ்வாண்டு நவம்பரில், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய 'மனமே', 'நாடகம' மரபைத் தழுவியது. அதன் கதை காதற்கதை. கதையின் முடிச்சு ஒரே ஒரு கணத்தின் தெரிவு. இளவரசன் தன் மனைவியோடு காட்டினூடே செல்கின்றான், வேடர் தலைவன் எதிர்ப்படுகின்றான், இருவரும் பொருதுகின்றனர், வாள் இளவரசியின் கையில் இருக்கின்றது. சாதகக் கதையில் அவள் கள்வன்மேல் மையல் கொண்டு வாளை அவன் கைக்கு வாகாய் நீட்டுகின்றாள், கணவன் கொல்லப்படுகின்றான். பெண்ணின் நிலையாமை என்பது அக்கதையின் முடிபு. சரச்சந்திரரின் நாடகத்தில் அவள் தயங்குகின்றாள். தனித்து நின்று வீரமாய்ப் பொருதவன்மேல் இரக்கம் காட்டும்படி கணவனை வேண்டுகின்றாள். அத்தயக்கத்தின் இடைவெளியிலே அவன் மடிகின்றான். பார்ப்போர் எழுந்து செல்லும்போது அவள் குற்றவாளியா என்று தமக்குள் வழக்காடிக்கொண்டே செல்வர். ஒரே கதை, ஒரே இடத்தில் கிளைத்து இரு வேறு உண்மைகளைக் காட்டுகின்றது. காட்சி நாவலார் இதனைத் 'தெரிவுப் புள்ளி' என்பர். அதற்கு வேண்டியது மின்பொறியன்று. ஒரு வாளும், அதனை வைத்திருப்பவளின் மனத்தை மதிக்கும் ஆசிரியனுமே.

'மனமே'யின் வெற்றி வித்தியானந்தனையும் தூண்டியது. 'இராவணேசன்' முதலிய செப்பனிட்ட கூத்துகள் அதன் பின்னரே எழுந்தன. கடன் வட்டத்தில் திரும்பி வந்தது எனலாம். ஆயின் இவ்வழியைத் திறந்துவைத்த சிலாபக் கரை மீனவர்க்கு அது திரும்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அக்கரையின் பாடசாலை மொழியும் கோயில் மொழியும் மெல்ல மெல்லச் சிங்களமாயின. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் தனியார் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற காலத்தில் மாற்றம் பெரும்பாலும் முடிந்த கதையாயிருந்தது. பாட்டிக்குத் தமிழ், தாய்க்கு இரண்டும், பிள்ளைக்குச் சிங்களம் என்ற படிமுறையில், வன்முறை ஏதுமின்றி, ஒரு மொழி ஒரு கரையிலிருந்து வடிந்தது. வடக்கிலோ மறுதலையான ஒன்று நிகழ்ந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றியபோது, அவர்களுட் பெரும்பாலானோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சமடைந்தனர். மன்னார்த் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் ஓலைக் கொட்டில்களில் வந்து குடியேறின. ஒரே மாவட்டத்தின் ஒரு முனையில் தமிழ் வடிய, மறுமுனையில் துயரத்தோடு பெருகிற்று.

இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்க கதை விளையாட்டொன்று தமிழரிடையே தோன்றியுள்ளது. கனடாவின் தொரன்ரோவில் இயங்கும் 'விசை கேம்ஸ்' 2023 யூலையில் வெளியிட்ட 'வெண்பா' அது. 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்னும் தம்பதியரின் வாழ்வும், அவர்கள் மகன் கவினின் வளர்ச்சியும் அதன் பொருள். தாய் தந்தனுப்பிய சமையற் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் எழுத்து அழிந்தும் இருக்கின்றது. விடுபட்டதை ஊகித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆடுபவரின் பணி. சமையலுக்கு இடையிடையே உரையாடல் நிகழும். விடைகள் சில தரப்படும். ஆட்டம் முழுவதும் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். 2024இல் இது சுதந்திர விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும் பிரித்தானிய 'பாஃப்டா'வின் அறிமுகப் படைப்புக்கான பரிசையும் பெற்றது.

'வெண்பா'வில் மகன் பள்ளியில் தன் பெயரைக் 'கெவின்' ஆக்கிக்கொள்கின்றான். தமிழில் பேசும் தாய்க்கு வேறு மொழியில் விடையளிக்கின்றான். அவன் வளர்ந்தபின், அப்புத்தகத்தை அவனே பிரித்துச் சமைக்க முயலும் கட்டம் வருகின்றது. அதுவரை கறையும் கிழிசலுமே தடையாயிருந்த புத்தகத்தில், இப்பொழுது எழுத்தே தடையாகின்றது. ஆடுபவர் தமிழறிந்தவராயின், தாம் வாசிக்க வல்லதை வாசிக்க மாட்டாதவனாக ஒரு பொழுது நிற்கும் விந்தையான நிலை அவருக்கு நேர்கின்றது. நாவலொன்று இதனை எடுத்துரைக்க முடியும். ஆடுபவரின் கைவிரலில் ஏற்றிவைக்க முடியாது. சிலாபக் கரையிலே மூன்று தலைமுறையில் நிகழ்ந்ததை, தொரன்ரோவின் சமையலறையொன்றில் ஒரு தலைமுறையில் நிகழக் காண்கின்றோம்.

'வெண்பா'வில் விடைத் தெரிவுகள் கதையின் போக்கைப் பெரிதும் மாற்றுவதில்லை என்பது சிலரின் குறை. தெரிவு என்று ஒன்றைத் தந்து, விளைவை மாற்றாதிருப்பது ஏமாற்று அல்லவா என்பர். உடப்பின் தருமனை இங்கு நினைக்கவேண்டும். அழைப்பை மறுக்கும்படி உள்ளம் கூவ, அவன் பகடையை எடுக்கின்றான். நாம் மாற்றமுடியாமல் நிற்கின்றோம். அந்த நிற்றலிலேதான் துன்பியல் பிறக்கின்றது. எல்லாக் கிளையும் திறந்திருக்கும் கதையில் எவருக்கும் எதுவும் நேர்வதில்லை. பிழைத்தால் முன்னர்ச் சேமித்த இடத்துக்கு மீண்டு மறு விடையைத் தொடலாம். மலிவான காதல் விளையாட்டுகளின் வறுமை இம்மீட்சியின் இலகுவிலேயே உளது. ஒரு பெண்ணிடம் சொன்ன கொடுஞ்சொல்லைச் சொல்லாததாக ஆக்க முடியுமாயின், அச்சொல் கொடிதன்று.

தேர்ந்த ஆக்கங்கள் இதனை உணர்ந்துள்ளன. 2004இல் கீ நிறுவனம் வெளியிட்ட 'கிளனட்' பாடசாலைக் காதலோடு நில்லாது திருமணம், வறுமை, மகப்பேறு, மனைவியின் சாவு, தந்தையின் துயர் எனத் தொடர்கின்றது. அத்துயரைக் கடக்கும் முடிவை அடைவதற்கு, ஆடுபவர் அந்நகரத்தின் ஏனையோரின் கதைகளையும் முன்னரே வாழ்ந்திருத்தல் வேண்டும். பிறர் துயரை அறியாதவனுக்குத் தன் துயருக்கு மருந்தில்லை என்ற கருத்தை, எழுத்தால் உரையாமல் ஆட்டத்தின் அமைப்பாலேயே சொல்லும் இவ்வுத்தி உயர்ந்த நாடக ஆசிரியனுக்குரியது. 2017இல் அமெரிக்கக் குழுவொன்று இலவசமாக வெளியிட்ட 'டொக்கி டொக்கி லிட்டரேச்சர் கிளப்' இன்னொரு வகை. பாடசாலை இலக்கியக் கழகமொன்றில் சேர்ந்த மாணவன், தரப்படும் சொற்களிலிருந்து தெரிந்தெடுத்துக் கவிதை புனைந்து மாணவியரைக் கவர வேண்டும். பரிசில் நோக்கிப் பாடிய நம் புலவர் மரபுக்கு இதிலே நாண எதுவுமில்லை. ஆனால் கதை நடுவே திரிகின்றது. கழகத் தலைவியான மோனிக்கா தான் ஒரு விளையாட்டின் பாத்திரம் என்பதை அறிந்துகொண்டு, ஏனைய பெண்களைக் கணினிக் கோப்பிலிருந்தே அழிக்கின்றாள். அழிந்தவள் மீளாள். சேமித்த இடத்துக்குத் திரும்பும் வழி அடைக்கப்பட்டபோதுதான், அதுவரை பொம்மையாகத் தோன்றியவர்க்கு உயிர் இருந்ததை ஆடுபவர் உணர்கின்றார். காதல் விளையாட்டின்மேல் எழுதப்பட்ட கண்டனங்களுள் மிகக் கூர்மையானதைக் காதல் விளையாட்டே எழுதியுள்ளது.

எனவே இவ்வடிவம் இலக்கியமாகுமா என்ற வினாவுக்கு, கூத்தும் மசலாவும் ஆன வழியிலேயே இதுவும் ஆகும் என்பது விடை. வடிவத்தின்மேல் தீர்ப்பு வழங்குவதில் பயனில்லை. எஞ்சுவது இன்னொரு வினா. இக்கரையின் இளைஞர் எம்மொழியில் கதை ஆடுகின்றனர்? உடப்பின் மாணவனும் கற்பிட்டி முகாமிலே வளர்ந்தவரின் மகளும் மாரவிலச் சிங்கள மாணவனும் ஒரே ஆங்கில எழுத்துப் பெட்டியையே தட்டிக்கொண்டு போகின்றனர். காதலுரைக்கும் சொல், ஊடற் சொல், மன்னிப்புக் கேட்கும் சொல் யாவும் அம்மொழியிலேயே அவர்முன் தெரிவாக நிற்கின்றன. ஒரு மொழியை மக்கள் கைவிடுவது பாடசாலையில் மட்டுமன்று; அம்மொழியில் ஊடவும் கூடவும் சொற்கள் தேவைப்படாது போகும்போதும் ஆகும். சிலாபக் கரையிலே தமிழ்க் கூத்து நின்றதும் தமிழ் வடிந்ததும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல.

தமிழில் இவ்வாக்கம் இயலாததொன்றன்று. திரைப்படத்துக்கு வேண்டும் பெருமுதல் இதற்கு வேண்டியதில்லை. காட்சி நாவல் செய்வதற்கான 'றென்பை' என்னும் கருவி 2004 முதல் இலவசமாகவே கிடைத்து வருகின்றது. பல்கலைக்கழக மாணவர் சிலர் கூடினால் கையாளத்தக்கது. கதை எழுத ஒருவர், சித்திரம் தீட்ட ஒருவர், மத்தளமோ ஆர்மோனியமோ வாசிக்க ஒருவர், கிளைகளைக் கோத்துக் கட்ட ஒருவர் போதும். கூத்துக்குழுவின் பிரிவினையே இது. கிளைகளைக் கோப்பவரை அண்ணாவியார் என அழைப்பதற்குத் தடையில்லை. கதைக்கும் பஞ்சமில்லை. அம்பாப் பாடலின் தாளத்துக்கு எழுத்துப் பெட்டி நகரும் ஒரு கரைவலைக் காதல். மெஹர்பானு வினவும் பக்கத்திலிருந்து ஆடப்படும் 'நூறு மசலா', அதாவது எவ்வினாவைக் கேட்பது என்பதை ஆடுபவரே தெரியும் ஆட்டம். 1990இல் எருக்கலம்பிட்டியிலிருந்து கற்பிட்டிக்குத் தோணியேறிய குடும்பமொன்று, எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட சிறு பொதியிலே எதை வைப்பது, எதை விடுவது என்று தெரியும் ஓர் இரவு. இம்மூன்றனுள் மூன்றாவதை ஆடுவோர்க்கு, சேமித்த இடத்துக்குத் திரும்பும் வழியை அண்ணாவியார் அடைத்துவிடுவார்.